இடப்பக்கம், கீழே

கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி.
திறந்ததும் தையல் மெஷின் எண்ணெய் மணம்.
அதன் உருவத்துக்கே வெட்டிய பஞ்சுக் குழியில்
வலப்பக்கம் பார்த்தபடி கிடந்தது.
அரைக்கிலோ உழுந்தை விடக் கொஞ்சம் பாரம்.
எடுத்துப் பிடித்தேன்.
சுண்டுவிரலுக்கு மட்டும் இடமில்லை,
பஸ்ஸில் சீற் கிடைக்காத பிள்ளை மாதிரி
வெளியே தொங்கியது.

அனுமதித் தாள் வர ஐந்து கிழமை.
'குடியுரிமை' என்றொரு கட்டம்:
சிவப்புப் பாஸ்போட் கைக்கு வந்து மூன்று வருசம்,
அதற்கு முந்தியென்றால்
என் விண்ணப்பம் அந்தக் கட்டத்தைத் தாண்டியிராது.
'காரணம்' என்ற இடத்தில் விளையாட்டு என்று எழுதினேன்.
பொய்யில்லை. முழு உண்மை எதுவென்று
எனக்கே தெரியாது.

நான் பல் செய்கிறவள்.
ஒல்டன் ரயில் நிலையத்துக்குப் பின்னால், இரண்டாம் மாடியில்,
முகம் தெரியாதவர்களின் வாய்க்குப் பீங்கான் அராவுகிறவள்.
பொருந்தாததைக் கண்டால் என் விரல் நமைக்கும்.
அதனால்தான் ஸ்லைடை இழுத்து விட்டபோது
அது ஓடிவந்து பூட்டிய சத்தத்தைக் கேட்டு
'நல்ல கடி' என்றேன், வாய்விட்டு.

பெட்டி வந்த அன்று தயாபரன் ஒன்றும் கேட்கவில்லை.
வெறும் போத்தல்களைப் பையில் போட்டுக்கொண்டு
கண்ணாடித் தொட்டிக்குப் போனார்.
ஐந்து நிமிட நடை.
ஒரு மணித்தியாலம் கழித்து வந்தார்.

வியாழன் மாலை, காட்டோரத்து நிலவறை.
ஆறாவது ரவைக்கு மேல் வில் முரண்டு பிடித்தது,
பெருவிரல் நகம் பிளந்தது.
ரேகுலா, அங்கே பொறுப்பானவள்,
என்னை விடப் பத்து வயது குறைவு, ஒரே ஒரு விதி சொன்னாள்:
சுடும்வரை சுட்டுவிரல் நீட்டியபடி, வளையத்துக்கு வெளியே.

முதல் வெடி
காதுமூடியைச் சுற்றிக்கொண்டு வந்தது.
காதால் அல்ல, கடைவாய்ப் பல்லால் கேட்டேன்.
சின்னதுதானே என்று வாங்கினேன்;
சின்னதுதான் கூட உதைக்கும் என்று யாரும் சொல்லவில்லை.
சுடச்சுட ஒரு வெற்றுக்கோது
சட்டைக் கழுத்துக்குள் விழுந்தது.
அந்த இடத்திலேயே ஒரு ஆட்டம் ஆடினேன்,
வாயை மட்டும் முன்பக்கம் விட்டு அசைக்காமல்.

ஐம்பது ரவை.
நடுவட்டம் கழுவிக் கவிழ்த்த கோப்பைபோலச் சுத்தம்.
எல்லாம் இடப்பக்கம், கீழே,
சிந்திய எள்ளுப் போல.
"குறி பிழை, கடைக்குத் திருப்பிக் கொடுக்கவேணும்" என்றேன்.
ரேகுலா அதை வாங்கி ஐந்து சுட்டாள்.
ஐந்தும் ஒரு ஐந்து பிராங் காசுக்குள்.
ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தாள்.

இரவு இடியப்பம், சொதி.
மேசை ஓரத்தில் தாள் சுருள் அவிழ்ந்து கிடந்தது.
தயாபரன் ஒருதரம் பார்த்தார்.
"விரலால் அமத்தேல்லை நீ. கையால இழுக்கிறாய்.
வெடிக்கப் போகுதெண்டு பயந்து
முன்னமே குனியிறாய்."
பிறகு சொதிச் சட்டியை இழுத்தார்.

பதினொரு வருசக் கலியாணம்.
ஊரில் என்ன செய்தனீங்கள் என்று அப்பா கேட்டபோது
'சைக்கிள் கடை' என்றவர்.
நான் அவர் கையைப் பார்த்தேன்.
அகப்பைக் காம்பில் நான்கு விரல் மடிந்திருக்க
சுட்டுவிரல் மட்டும் நேராக நீண்டிருந்தது.
துளைபோடும் மெஷினையும் அப்படித்தான் பிடிப்பார்,
பூவுக்குத் தண்ணீர் விசிறும் போத்தலையும்.
இத்தனை நாளும்
அதை ஒரு அழகென்று நினைத்திருந்தேன்.

அடுத்த வியாழன், அவர் சொன்னபடி
இழுக்காமல் அமத்தினேன்.
எள்ளெல்லாம் மெல்ல மேலேறி
நடுவுக்கு வந்தது.
ரேகுலா கைதட்டினாள்.
தாளை ஆரே ஆற்றுப் பாலத்தடியில், குப்பைத் தொட்டியில்,
நான்காய் மடித்துப் போட்டேன்.

"எப்பிடி?" என்றார், கதவு திறந்ததும்.
"இன்னும் இடப்பக்கம்தான்."
தோள் கொஞ்சம் இறங்கியது அவருக்கு.
மகளின் சைக்கிளுக்குக் காற்றடிக்கவென்று
பம்பை எடுத்துக்கொண்டு கீழே போனார்.
அதையும் நன்றாகத்தான் செய்வார்.